வேங்கையும் அங்சானாவும்: ஒரு நிழல்மரத்தின் வரலாறு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். பள்ளி வளாகத்தில் நிற்கும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் பணியை அவருடைய மாணவர்கள் மேற்கொண்டிருந்தனர். ஒவ்வொரு பலகையிலும் மலாய்ப் பெயர், தாவரவியற் பெயர், தமிழ்ப் பெயர் என மூன்று வரிகள். மா, பலா, புன்னை, மகிழம், கொன்றை ஆகியவற்றுக்கு இடர்ப்பாடு எதுவும் எழவில்லை. திடலின் ஓரத்தில், ஒரு வகுப்பே அமர்ந்து படிக்கத்தக்க அளவுக்கு நிழல் பரப்பி நின்ற அங்சானா மரத்தின் பலகையில் மட்டும் மூன்றாம் வரி வெறுமையாக இருந்தது. ‘அங்சானா’ என்பதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமா, அல்லது அதற்கெனத் தமிழில் பெயர் உண்டா என்பதே அவருடைய கேள்வி. அன்று நாம் உடனடியாக விடை கூறவில்லை.

அக்கேள்விக்கு விடை தேட முற்பட்டபோது, அது ஒரு மரத்தின் பெயரோடு நின்றுவிடவில்லை. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலம், பழஞ்சாவகக் காவியங்கள், மலாக்காவின் கடற்கரைச் சாலை, 1960களுக்குப் பிந்திய சிங்கப்பூரின் நகரமைப்பு எனப் பல திசைகளில் அது நம்மை இட்டுச் சென்றது. அவ்வாறு திரட்டியவற்றுள் ஐயமற நிறுவத்தக்கவற்றை முறைப்படுத்தி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிஞ்சியின் வேங்கை

தமிழ் மாணவர்க்கு வேங்கை அறிமுகமான சொல். ஆயினும் எத்தகைய அறிமுகம் என்பது எண்ணத்தக்கது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவரிடம் ‘வேங்கை என்றால் என்ன?’ என்று ஒவ்வோர் ஆண்டும் நாம் கேட்பதுண்டு. ‘புலி’ என்ற விடையே முதலில் வரும். மரம் என்னும் பொருளும் உண்டு என்று இருவரோ மூவரோ கூறுவர். அம்மரத்தைக் கண்டதுண்டா என்று கேட்டால் வகுப்பில் அமைதி நிலவும். தமிழ்நாட்டு மலைகளில் வளர்வது, இந்நாட்டில் இல்லாதது என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவர்.

சங்கப் புலவர்க்கு மரமும் விலங்கும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டமை வெறும் தற்செயல் அன்று. கரிய பாறையின்மேல் மஞ்சள் நிற வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் தோற்றம் வரியுடைய புலிக்குட்டியைப் போன்றது என்னும் உவமை குறுந்தொகை முதலான நூல்களில் காணப்படுகின்றது. வேங்கைப் பூக் கொய்யச் சென்ற மகளிர் ‘புலி, புலி’ என்று ஆரவாரிப்பது பழைய வழக்கமாகப் பாடல்களில் பதிவாகியுள்ளது. தினை முற்றும் பருவத்தை வேங்கையின் பூப்பு அறிவிப்பதால், அம்மரத்தைக் காலம் கணித்துச் சொல்லும் கணியனாகப் புலவர்கள் உருவகித்தனர். தினை கொய்யப்பட்டால் தலைவி புனங்காவலை விட்டு இல்லம் திரும்ப வேண்டும். தலைவனைக் காண இயலாது. ஆதலின் வேங்கை பூத்தது என்று தோழி கூறினால் மணம் முடிக்கும் காலம் வந்துவிட்டது என்பது குறிப்பு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் செல்லும் நீண்ட பூவரிசையிலும் வேங்கை இடம்பெறுகின்றது.

நிழல்மரம் என்ற நோக்கில் சிலப்பதிகாரச் சான்று நமக்கு முதன்மையானது. மதுரையை நீங்கிச் சேர நாட்டு மலையை அடைந்த கண்ணகியை மலைவாணர் காண்பது ஒரு வேங்கையின் நிழலில்தான். கணவனை இழந்து நெடுவழி நடந்து வந்த ஒரு பெண்ணுக்கு அடிகள் தேர்ந்தளித்த இறுதி நிழல் அது. பிற்காலத்தில் கந்தபுராணம் வள்ளியின் தினைப்புனத்தில் முருகனையே வேங்கை மரமாக நிற்கச் செய்தது. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குச் செல்லும் நம் மக்களுள் பலரும் இக்கதையை அறிவர்.

தாவரவியலார் இவ்வேங்கையை டெரோகார்ப்பஸ் மர்சூப்பியம் என்பர். இப்பெயரை இட்டவர் சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க். ‘டெரோகார்ப்பஸ்’ என்பது கிரேக்க மொழியில் சிறகுடைய கனி எனப் பொருள்படும். வட்டமான தட்டையான காயைச் சுற்றிக் காகிதம் போன்ற விளிம்பு அமைந்திருப்பதால் இப்பெயர். பட்டையைக் கீறினால் குருதி போன்ற செந்நிறப் பிசின் கசியும். கினோ என்னும் பெயரில் மேற்கு நாடுகளின் மருந்தகங்களுக்கு ஏற்றுமதியானது இப்பிசினே.

இனி, டெரோகார்ப்பஸ் இண்டிக்கஸ் என்பது அங்சானாவின் தாவரவியற் பெயர். அதாவது வேங்கையும் அங்சானாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு சிற்றினங்கள். அதே மஞ்சள் பூ, அதே சிறகுடைய வட்டக்காய், அதே செந்நிறப் பிசின். செஞ்சந்தனமும் இப்பேரினமே. ‘இந்நாட்டில் இல்லாதது’ என்று மாணவர் எண்ணிய மரத்தின் உடன்பிறப்பு நம் விரிவுரை மண்டபத்தின் சாளரத்திற்கு வெளியே நின்றுகொண்டிருந்தது; அதனை நாமும் பல்லாண்டுகள் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அசனம் கடல் கடந்த வரலாறு

மலாய் மொழியில் இம்மரத்திற்குச் சேனா, அங்சானா என இரு பெயர்கள் வழங்குகின்றன. சாவகத்தில் சானா, சோனோ என்பன வழக்கு. இவற்றின் மூலம் ‘அசன’ என்னும் வடசொல் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் சுட்டும் கருத்தாகும். வடமொழி நூல்களில் ‘அசன’ என்பது வேங்கையைக் குறிக்கும். மருத இனத்து மரமொன்றையும் அது குறிப்பதுண்டு. தமிழ் நிகண்டு மரபிலோ ‘அசனம்’ என்பதற்கு வேங்கை என்றே பொருள் உரைக்கப்பட்டுள்ளது. எனவே சேனா, அங்சானா என்னும் மலாய்ப் பெயர்களும் தமிழ் நிகண்டின் அசனமும் ஒரே சொல்லின் வெவ்வேறு கரையேற்றங்கள் எனலாம்.

இது தனித்த நிகழ்வன்று. மலாக்கா என்னும் நகரப்பெயரே, பரமேசுவரன் சாய்ந்து நின்றதாகக் கூறப்படும் மெலாக்கா மரத்தால் அமைந்தது என்பது மரபு; அம்மரம் வடமொழியின் ஆமலகம், நம் நெல்லி. செம்பாக்கா என்பது சண்பகம். நாகசாரி என்பது நாகப்பூ. இந்திய வணிகரும் சமயத்தாரும் தென்கிழக்காசியாவுக்கு வந்தபோது, அங்கு ஏற்கெனவே வளர்ந்து நின்ற மரங்களுள் தம் நாட்டு மரங்களை ஒத்தவற்றுக்குத் தாம் அறிந்த பெயர்களை இட்டனர். அல்லது அப்பெயர்களை இங்குள்ளோர் காவியக் கல்வி வழியாக ஏற்றுக்கொண்டனர். எவ்வாறாயினும் மரம் இங்குள்ளது, பெயர் அங்கிருந்து வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. மியன்மாரின் தென்பகுதி தொடங்கி, தீபகற்பம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாகப் பசிபிக் தீவுகள்வரை அங்சானா இயற்கையாகவே வளரும். ‘இண்டிக்கஸ்’ என்னும் அடைமொழியைக் கண்டு அதனை இந்திய மரம் என மயங்குதல் கூடாது. அக்கால ஐரோப்பியர்க்குக் கிழக்கிந்தியத் தீவுகளும் ‘இந்தியா’வே.

பழஞ்சாவகக் காவியங்களில் அசனப் பூ அடிக்கடி இடம்பெறுவதை, அவ்விலக்கியம் பற்றிய தம் பெருநூலில் (1974) சூட்முல்டர் விளக்கியுள்ளார். அங்கு அது மழைக்காலத் தொடக்கத்தோடும் காதலரின் ஏக்கத்தோடும் இணைத்துப் பேசப்படுகின்றது. இதனைப் படித்த அன்று நமக்கு முல்லைத் திணையின் கார்காலமும் குறிஞ்சியின் வேங்கையும் ஒருசேர நினைவுக்கு வந்தன. ஆயினும் இங்குச் சற்று நிதானம் தேவை. ஒரு பூ ஒரு பருவத்தைச் சுட்டி, அப்பருவம் ஓர் உணர்வைச் சுட்டும் முறை இரு மரபிலும் இருப்பதைக் கொண்டு, ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று கூறிவிட முடியாது. சாவகப் புலவர் கற்றது வடமொழிக் காவியமே, சங்கப்பாடல் அன்று. நம் ஆய்வுலகில் இத்தகைய ஒப்புமைகளைக் கண்டவுடன் ‘தமிழர் தாக்கம்’ என எழுதிவிடும் பழக்கம் உண்டு. அது நம் துறைக்கு நன்மை செய்யவில்லை என்பதே நம் கருத்து.

மரத்தின் புகழ் மேற்கே சென்ற கதையும் சுவையானது. ஜெர்மனியில் பிறந்து ஒல்லாந்தக் கும்பினியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்து, கண்பார்வையை இழந்த பின்னரும் தாவர நூல் எழுதிய ரம்பியஸ் (இறப்பு 1702), அங்சானாவை ‘லிங்கோவும்’ என்னும் பெயரில் விவரித்துள்ளார். பிலிப்பைன்சில் இம்மரத்தால் கடைந்த கிண்ணங்களில் நீர் ஊற்றினால் அந்நீர் ஒளிபடும் கோணத்திற்கேற்ப நீலமாகவும் பொன்னிறமாகவும் தோன்றும். மெக்சிகோ வழியாக ஐரோப்பாவை அடைந்த இத்தகைய மரத்தின் விந்தையைக் கிர்ச்சர் 1646இலும், ராபர்ட் பாயில் 1664இலும் எழுதினர். ஐரோப்பாவில் இவ்வாறு ஒரே பெயரில் வழங்கியவை மெக்சிகோ மரம் ஒன்றும் பிலிப்பைன்ஸ் அங்சானாவுமாகிய இருவேறு மரங்கள் என்பது 1915இல்தான் தெளிவுபடுத்தப்பட்டது. நீரிழிவு நோயர்க்கெனத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் விற்கப்படும் வேங்கைக் கட்டைக் குவளையில் இரவு ஊற்றிவைத்த நீர் காலையில் நிறம் மாறியிருப்பதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். பிலிப்பைன்ஸ் நாட்டில் நாரா எனப்படும் இம்மரம் 1934ஆம் ஆண்டு அந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது.

போத்து நடுதல்

அங்சானா நிழல்மரமாக நகரங்களில் பெருகியதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. அதனை வளர்ப்பதில் உள்ள எளிமையே தலையாய காரணம். விதையிலிருந்து வளர்த்தல் மெதுவான வேலை. ஆனால் முற்றிய கிளையொன்றை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் அது வேர்பிடித்துத் தழைத்துவிடும். தமிழ்நாட்டு உழவர் முருங்கைக்கும் கிளுவைக்கும் கையாளும் அதே போத்து முறைதான் இது. விரல் தடிப்புள்ள குச்சி வேண்டுவதில்லை. ஆளுயரத்திற்கு மேற்பட்ட, தொடை பருமனுள்ள கிளைத்துண்டே போத்தாக ஊன்றப்படும். தென்கிழக்காசியக் கிராமங்களில் அங்சானாப் போத்துகளை வேலிக்கால்களாக நட்டு உயிர்வேலி அமைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமாதலின், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பெறவும் வல்லது. ஆகவே வளங்குன்றிய நிலத்திலும் தாக்குப்பிடிக்கும்.

வளர்ந்த மரம் முப்பது மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடும். தண்டு குட்டையாகப் பிரிந்து, கிளைகள் குடைபோல் விரிந்து, நுனிகள் ஏறத்தாழத் தரையை நோக்கித் தொங்கும். சாலையின் இருபுறமும் நடப்பட்டால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மேலே கூடி வளைவு அமைத்துவிடும். வறட்சியான சில வாரங்களில் இலை உதிர்த்து, மீண்டும் தளிர்க்கும். பூப்புதான் இதன் பெருஞ்சிறப்பு. வறட்சிக்குப் பின் மழை பெய்தால், சில நாள்களில் மரம் முழுவதும் ஒரே காலையில் மஞ்சளாகிவிடும். மணம் தெருமுனைவரை வரும். மறுநாள் பூக்கள் அனைத்தும் தரையில் கிடக்கும். மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940இல் கார்னர் வெளியிட்ட இரு தொகுதி நூலில் அங்சானாவுக்கு ஒதுக்கியுள்ள பக்கங்கள் இம்மரத்தின்மீது அவர் கொண்ட ஈடுபாட்டைக் காட்டும். தெளிவான வறட்சிக்காலம் உடைய பினாங்கு, கெடா போன்ற வடமாநிலங்களில் பூப்பு மிகச் சிறப்பாக அமைவதும், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் தென்பகுதியில் அது சிறு சிறு தவணைகளாகச் சிதறுவதும் கூர்ந்து நோக்குவோர் அறிந்தவையே. ஒரே நாள் பூத்து உதிரும் இவ்வியல்பைக் கண்டால், வேங்கை பூத்த செய்தியைத் தோழி ஏன் அத்துணை அவசரத்தோடு கூறுகின்றாள் என்பது மாணவர்க்கு ஓரளவு விளங்கும்.

மலாக்காவில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்சானா சாலைமரமாக நடப்பட்டது. அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அது பரவியது. நீரிணைக் குடியேற்றங்களின் தொடக்கக் காலத்தில் நிழல் என்பது ஆடம்பரமன்று. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் கால்நடையுமே போக்குவரத்தாக இருந்த காலம் அது. நிழலற்ற செம்மண் சாலையில் நண்பகலில் பயணம் செய்தல் மனிதர்க்கும் மாட்டுக்கும் துன்பமாக இருந்தது.

அச்சாலைகளை அமைத்தவர் யாவர்? 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1873வரை நீடித்த அம்முறையில், காடு திருத்துதல், சதுப்பு நிலம் நிரப்புதல், சாலையிடுதல் ஆகிய வேலைகளின் பெரும்பகுதி அவர்கள் தோளில் விழுந்தது. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயமும் அவர்கள் கட்டியதே. அதன்பின் பொதுப்பணித் துறையிலும் நகராண்மைக் கழகங்களிலும் சாலைப் பணிக்கு அமர்த்தப்பட்டோருள் தென்னிந்தியத் தொழிலாளர் மிகுதி. ஆட்சியாளரின் ஆண்டறிக்கைகளில் பூங்கா மேற்பார்வையாளரின் பெயர் இருக்கும். எத்தனை மரம் நடப்பட்டது என்னும் கணக்கும் இருக்கும். குழி தோண்டியவர், நீர் சுமந்தவர், மாடு மேயாமல் மூங்கில் தட்டி கட்டியவர் ஆகியோர் அவ்வறிக்கைகளில் ‘கூலிகள்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவர். தோட்டப்புற வாழ்வைப் பற்றி நம்மிடம் ஓரளவு எழுத்து உண்டு. சாலையையும் பூங்காவையும் பராமரித்த தமிழரைப் பற்றிய வரலாறு இன்னும் எழுதப்படாமலே உள்ளது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி வரும் மாணவரிடம் நாம் இதனைப் பலமுறை பரிந்துரைத்துள்ளோம். திரைப்படப் பாடல்களைப் பற்றியே பெரும்பாலோர் எழுத விரும்புகின்றனர்.

வாடல் நோய்

ஒரே மரத்தின் கிளைகளிலிருந்து எடுத்த போத்துகளால் ஒரு சாலை முழுவதையும் நிழலாக்கலாம் என்பது நன்மை. ஆனால் அம்மரங்கள் யாவும் உண்மையில் ஒரே மரத்தின் படிகள். ஒன்றுக்கு எது நோயோ, அது எல்லாவற்றுக்கும் நோய். இவ்வுண்மையை மலாக்கா மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள பெரிய அங்சானா மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போகத் தொடங்கின. இலைகள் மஞ்சளாகி வாடும், கிளைகள் காயும், சில மாதங்களில் நூறாண்டு மரம் விறகாகும். 20ஆம் நூற்றாண்டின் முதற்கால் பகுதிக்குள் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்களும் தம் பழைய அங்சானா வரிசைகளில் பெரும்பகுதியை இழந்தன.

இவ்வழிவின் வரலாற்றை முறையாக எழுதியவர் பர்ட்டாடோ. கோவாவில் பிறந்து, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நெடுங்காலம் பணியாற்றிய இந்தியத் தாவரவியலார் இவர். அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் 1935இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, ஒரு மரநோயைப் பற்றியதாயினும் நகர வரலாற்று ஆவணமாகவும் விளங்குகின்றது. மலாயாவில் இந்தியரின் அறிவுப்பணி என்று பேசும்போது பத்திரிகையாளர், வழக்குரைஞர், தொழிற்சங்கவாதிகள் ஆகியோரை நாம் பட்டியலிடுகின்றோம். பர்ட்டாடோவின் பெயரை அப்பட்டியலில் நாம் கண்டதில்லை. ஆய்வுக்காக அயல்நாட்டில் தங்கியிருந்தபோது வேறொன்றைத் தேடி அவ்விதழின் பழைய தொகுதியைப் புரட்டுகையில்தான் அக்கட்டுரை நம் கண்ணில் பட்டது.

பட்டுப்போன அங்சானாக்களின் இடத்தைப் பல சாலைகளில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மழைமரம் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூருக்கு அது 1876இல் கொண்டுவரப்பட்டது. தைப்பிங் ஏரிப் பூங்காவின் நீரைத் தொட்டுக்கொண்டு கிளை தாழ்த்தி நிற்பவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பட்ட மழைமரங்களே. மாலையில் இலை மூடுவதால் மலாய் மக்கள் அதனைப் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’, என்றனர். அதே காரணத்தால் தமிழர் ‘தூங்குமூஞ்சி’ என்றனர். வெளிநாட்டிலிருந்து வந்த மரத்திற்குத் தமிழர் பெயர் சூட்டி உறவாக்கிக்கொண்டனர். இம்மண்ணுக்கே உரியதும் வேங்கையின் உறவுமாகிய அங்சானாவுக்கு அவ்வாறு ஒரு பெயர் ஊன்றவில்லை என்பது வியப்பளிக்கின்றது. இலக்கிய வேங்கையை அறிந்த புலவர் இங்குச் சாலையைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்த தொழிலாளர்க்கு ஏட்டு வேங்கை கிட்டவில்லை.

பூங்கா நகரமும் அங்சானாவும்

சிங்கப்பூரில் 1963 ஜூன் 16ஆம் நாள் லீ குவான் யூ மரம் நட்டு ஒரு நடவு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். ‘பூங்கா நகரம்’ என்னும் கருத்து 1967இல் அறிவிக்கப்பட்டது. முதலாவது மரம் நடும் நாள் 1971 நவம்பர் 7இல் கொண்டாடப்பட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடர்ந்தது. புதிய சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துகொண்டிருந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கும் மரம் தேவைப்பட்டது. வெறும் காங்கிரீட்டுச் சூட்டில் பத்தாண்டு காத்திருக்க எவரும் ஆயத்தமாக இல்லை. அந்நிலையில் அங்சானாவின் போத்து மீண்டும் கைகொடுத்தது. பெரிய கிளைத்துண்டுகளை நட்டுச் சில மாதங்களில் தழைக்கச் செய்யும் முறை ‘உடனடி மரம்’ எனப் பெயர் பெற்றது. மழைமரம், மஞ்சள் கொன்றை ஆகியவற்றோடு அங்சானாவும் அக்காலச் சாலைகளின் முதன்மை மரமாயிற்று.

மலாக்காவின் பாடம் மறக்கப்பட்டதோ என்று ஐயுறும் வகையில், 1980களில் சிங்கப்பூரில் வாடல் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆயினும் இம்முறை ஆய்வகம் இருந்தது. நோய்க்குக் காரணம் ஃபுசேரியம் என்னும் பூஞ்சணம் என்பதும், மின்னல் தாக்கி நலிந்த மரங்களைத் துளைக்கும் சிறு வண்டுகள் அதனைப் பரப்புகின்றன என்பதும் 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த ஆய்வுகளால் புலனாயின. அங்சானாக்களுள் சில இயல்பாகவே நோயெதிர்ப்பு உடையவை என்பதும் அவ்வாய்வுகளில் தெரியவந்தது; போத்து எடுப்பதற்கு அத்தகைய மரங்களைத் தேர்ந்தால் படியெடுப்பதே பாதுகாப்பாகிவிடும். பின்னாளில் ஒரே சாலையில் பல்வேறு இனங்களைக் கலந்து நடும் முறையும் வலுப்பெற்றது.

நகர மரத்திற்கு நோய் மட்டும் பகையன்று. அங்சானாவின் வேர் மேலோட்டமாகப் பரந்து நடைபாதையைத் தூக்கும். கால்வாய்ச் சுவரைப் பிளக்கும். கவனிப்பற்ற மரத்தின் கிளைகள் புயற்காற்றில் முறியும். பூ உதிரும் நாளில் மகிழ்பவர் சிலர்; தம் மகிழுந்தின்மேல் பூக்குப்பை ஒட்டிக்கொண்டது என்று நகராண்மைக் கழகத்திற்கு எழுதுபவர் சிலர். ஆகவே, நடும்போதே சாலைக்கும் கட்டடத்திற்கும் இடையில் போதிய இடம் விடுதலும், இளமையிலேயே கிளைகளைத் திருத்தி வடிவமைத்தலும், வேர்ப்பகுதியைச் சுற்றிச் சிமெண்டு பூசாதிருத்தலும் இன்றியமையாதன. வளர்ந்த மரத்தின் தலையை மொட்டையடிப்பது பராமரிப்பு ஆகாது. வெட்டுவாய் அழுகி, அங்கிருந்து பலவீனமான கிளைகள் கொத்தாக எழும். அவையே பின்னர் முறிந்து விழுந்து, மரத்தை அகற்றுவதற்குக் காரணமாகக் காட்டப்படும்.

நகரில் இவ்வளவு மிகுதியாகக் காணப்படுவதால் அங்சானாவுக்குக் குறைவில்லை என எண்ணத் தோன்றும். காட்டு நிலைமை வேறு. செந்நிற வைரமும் நறுமணமும் உடைய இதன் மரத்துக்காக இயற்கைக் காடுகளில் அது பெருமளவு வெட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியது. சாலையில் நிற்கும் படிகள் எத்தனை ஆயிரமாயினும், காட்டில் விதைவழி வளர்ந்த மரங்களின் பன்மைக்கு அவை ஈடாகா. ஊர் மரமும் காட்டு மரமும் ஒன்றெனக் கொண்டு எண்ணிக்கையால் ஆறுதலடைவது பிழையான கணக்காகும்.

மூன்றாம் வரி

பெயர்ப்பலகைக்குத் திரும்புவோம். நம் முன் மூன்று வழிகள் இருந்தன. ‘அங்சானா’ என்றே எழுதுதல் ஒன்று. இதில் தவறில்லை, மலாய்ச் சொல்லைத் தமிழர் அன்றாடம் அவ்வாறே வழங்குகின்றனர், ஜொகூர் பாருவில் பேரங்காடிக்கும் அப்பெயரே. ‘அசனம்’ என்பது இரண்டாவது. சொல் வரலாற்றுக்கு அது மிகப் பொருந்தும். ஆனால் நிகண்டைப் புரட்டாத எவர்க்கும் அது விளங்காது. மாணவர் அதனை உணவு என்று பொருள்கொள்ளவும் கூடும். ‘வேங்கை’ என்பது மூன்றாவது.

வேங்கை என எழுதலாகாது என்று நம் துறை நண்பர் ஒருவர் வலுவாக மறுத்தார். சங்க இலக்கிய வேங்கை வேறு சிற்றினம், மலைநிலத்தது, அது பூக்கும் பருவம் வேறு, இரண்டையும் ஒன்றாக்கினால் குறிஞ்சித் திணையின் கருப்பொருள் நுட்பம் சிதையும் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. இங்குப் பெப்ரவரி முதல் மே வரையில் வறட்சி முறியும்போது பூக்கும் மரத்தைக் காட்டி, ‘இதுதான் தினை முற்றும் காலத்தைச் சொன்ன கணியன்’ என்று கற்பித்தல் பொருந்தாது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. கடல் கடந்து வந்த மக்கள் புதிய நிலத்தின் மரத்தைப் பழைய பெயரால் அழைத்தல் இயல்பான மொழிச் செயற்பாடு அன்றோ? சாவகத்தில் காவியம் இயற்றிய புலவர் அசனம் என்றபோது அவர் கண்டது இந்தியாவின் மரத்தை அன்று; தம் ஊர் மரத்தையே. ஒரே பேரினத்து இரு மரங்களை ஒரே பெயரால் சுட்டி, வேண்டுமிடத்து அடைமொழியால் பிரித்தல் தமிழுக்கும் புதிதன்று. கொன்றை என்னும் பெயரின்கீழ்ச் சரக்கொன்றையும் செங்கொன்றையும் மயில்கொன்றையும் நிற்கவில்லையா? அவற்றுள் மயில்கொன்றை வேறு பேரினமும்கூட.

ஆசிரியர்க்கு நாம் எழுதியனுப்பிய விடை ‘மலாய் வேங்கை’ என்பது. அடைமொழி நண்பரின் மறுப்பை மதித்து இட்டது. கூடவே ஒரு குறிப்பும் அனுப்பினோம்: சங்கப் பாடல் நடத்தும்போது மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் சென்று காயின் சிறகையும் பூவின் நிறத்தையும் காட்டுக, பிசின் பார்ப்பதற்காகப் பட்டையைக் கீற வேண்டாம், பருவ வேறுபாட்டைத் தவறாது சொல்க. இரு மாதம் கழித்து அவர் பலகையின் ஒளிப்படத்தை அனுப்பியிருந்தார். மூன்றாம் வரியில் மாணவர் எழுதியிருந்தது ‘வேங்கை’ என்று மட்டுமே. பலகையில் இடம் போதவில்லையாம். அதனைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்கிறார் நண்பர். நாம் இன்னும் சொல்லவில்லை.